அந்த பென்ஷன் ஃபைல் வாஷிங்டன்ல இல்லைங்க

போன மாசம் வந்த மெயிலோட சேத்து இந்த வருஷத்துல இது ஆறாவது. மதுரைப் பொண்ணு, கல்யாணம் ஆகி இங்க வடக்கு கரோலினால இருக்காங்க, வீட்டுக்காரர் அமெரிக்கர். மாமியாருக்கு எண்பது தாண்டிருச்சு. அந்தம்மாவோட கொள்ளுத்தாத்தா சிவில் வார்ல (1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர்) தெற்குப் பக்கம், அதாவது கான்ஃபெடரேட் படைல சண்டை போட்டு கைல குண்டடி பட்டு வந்தவராம், அதுக்கு பென்ஷன் கெடச்சுதாம், அந்தப் பேப்பரை ஒரு தடவை கண்ணால பாத்துரணும்னு ஆசை. மருமக அதை எடுத்துச் செஞ்சிருக்கு. வாஷிங்டன்ல இருக்குற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு, கூடவே ஏதோ ஒரு வெப்சைட்டுக்கும் காசு கட்டி, மாசக்கணக்கா காத்திருந்து, கடைசில வந்த பதில் "அப்படி ஒரு பென்ஷன் ஃபைல் எங்ககிட்ட இல்ல". அப்பறம் என்ன, தாத்தா கதை எல்லாம் பொய் போலன்னு வீட்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க, அந்தம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடலையாம்.

பழைய ரெகார்டு தேடிக் குடுக்குறதுதான் என் தொழில். ஆறு பேருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினேன், ஏழாவது தடவை எழுத மனசில்லாமதான் இதை இங்க போடுறேன்.

வாஷிங்டன்ல இல்லைன்னா ஃபைலே இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அது அங்க இருக்கவே இருக்காது. கான்ஃபெடரேட் காரங்க யாரை எதுத்து சண்டை போட்டாங்க? வாஷிங்டன் அரசாங்கத்தை எதுத்துதான. தன்னைச் சுட்டவனுக்கு அந்த அரசாங்கம் எதுக்கு பென்ஷன் குடுக்கும்? 1862-லயே மத்திய அரசு பென்ஷன் சட்டம் போட்டுச்சு, ஆனா அது யூனியன், அதாவது வாஷிங்டன் பக்கத்துப் படைக்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மட்டும். தோத்த பக்கத்துக்காரனுக்கு அவனவன் மாநிலம்தான் குடுத்துச்சு, அதுவும் போர் முடிஞ்சு இருபது வருஷம் போல கழிச்சு, மாநிலத்துக்கு ஒரு சட்டம், ஒரு வருஷம்னு. வடக்கு கரோலினா 1885, வர்ஜீனியா 1888, டென்னசி 1891, டெக்சாஸ் 1899, கென்டக்கி 1912, ஓக்லஹோமா 1915 வரைக்கும் இழுத்துச்சு. பழைய கான்ஃபெடரேட் மாநிலம் பதினொண்ணு, கூட கென்டக்கி, மிசௌரி, ஓக்லஹோமா, ஆக பதினாலு. ஃபைல் எல்லாம் அந்தந்த மாநில ஆவணக் காப்பகத்துலதான் இருக்கு.

சரி அப்ப எங்க தாத்தா வடக்கு கரோலினா ரெஜிமெண்ட், அந்த மாநிலத் தலைநகர் ராலேக்கு எழுதிடுறேன்னு உடனே கிளம்பிடாதீங்க. பாதிப் பேர் இங்கதான் வழுக்குறாங்க. அவர் எந்த மாநிலப் படைல இருந்தாருங்கறது இதுக்கு கணக்கில்ல, பென்ஷன் கேட்டப்ப எந்த மாநிலத்துல குடியிருந்தாரோ அங்கதான் மனு போட்டிருப்பாரு. போருக்கு அப்பறம் தெற்குல நிலம் செத்துப் போச்சு, பருத்தி விலை விழுந்துச்சு, கடன் கழுத்தை நெரிச்சுது, ஆயிரக்கணக்கான குடும்பம் மாட்டுவண்டி கட்டிக்கிட்டு டெக்சாஸ் பக்கம், அர்கன்சா பக்கம் போயிருச்சு. வடக்கு கரோலினா ரெஜிமெண்ட்ல அடிபட்டவரோட ஃபைல் டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டின்ல கெடக்கும், நீங்க ராலேல தேடிட்டு இல்லைன்னு வருத்தப்பட்டுக்கிட்டு இருப்பீங்க. அதனால முதல்ல 1880, 1900, 1910 சென்சஸ்ல ஆள் எங்க இருந்தாருன்னு பாருங்க, அப்பறம் கடிதம் எழுதுங்க.

இந்தக் குழப்பம் ஏன் வருதுன்னும் எனக்குப் புரியுது. கான்ஃபெடரேட் படையோட சர்வீஸ் ரெகார்டு, அதாவது யார் எந்த கம்பெனி (ரெஜிமெண்டுக்குள்ள இருக்குற சின்னப் படைப்பிரிவு), எப்ப சேந்தான், எங்க அடிபட்டான், எப்ப சரணடைஞ்சான்னு சொல்ற சீட்டு, அது வாஷிங்டன்லதான் இருக்கு. போர்ல கைப்பத்தின காகிதத்தை எல்லாம் வச்சு மத்திய அரசே ஆளுக்கு ஒரு உறைனு தொகுத்து வச்சுது. சர்வீஸ் ரெகார்டு வேற, பென்ஷன் ஃபைல் வேற. மாநில ஆபீஸ்காரங்களே மனு வந்ததும் வாஷிங்டனுக்கு எழுதி "இந்த ஆள் நெஜமா இருந்தானா"ன்னு கேட்டு, வந்த பதிலை ஃபைல்ல சேத்து வச்சிருப்பாங்க. அந்த லெட்டர்ஹெட்டைப் பாத்துட்டு பென்ஷனே வாஷிங்டன் குடுத்ததுன்னு நெனச்சுக்குறாங்க.

கூடவே ரெண்டு விஷயம் இன்டர்நெட்ல சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணு 1958 சட்டம். அந்த வருஷம் மே மாசம் மத்திய அரசு கான்ஃபெடரேட் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் குடுக்க சட்டம் போட்டது உண்மை. ஆனா ரெகார்டு வச்சு நிரூபிக்க முடிஞ்ச கடைசி கான்ஃபெடரேட் வீரர்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்ற அலபாமாக்காரர் பிளெசன்ட் க்ரம்ப் 1951 டிசம்பர் 31-லயே இறந்துட்டாரு. நடைமுறைல அந்தச் சட்டம் விதவைகளுக்குத்தான் உதவுச்சு. 1900-ல மனு போட்ட உங்க தாத்தாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டாவது, 2020 மே மாசம் வடக்கு கரோலினால ஒரு மூதாட்டி இறந்தாங்க, சிவில் வார் பென்ஷன் வாங்கின கடைசி ஆள், மாசம் 73.13 டாலர். அப்பா கான்ஃபெடரேட், பாரு வாஷிங்டனே குடுத்துச்சுன்னு அந்த நியூஸை எனக்கு அனுப்புறாங்க. முழுசா படிங்க. அவங்கப்பா கான்ஃபெடரேட் படைல இருந்தவர், கெட்டிஸ்பர்க் சண்டைக்கு முன்னாடி உடம்பு முடியாம ஆஸ்பத்திரில சேந்து அங்கேர்ந்து ஓடிப்போய் யூனியன் பக்கம் சேந்துட்டாரு. பென்ஷன் வந்தது அந்த யூனியன் சேவைக்கு.

இப்ப ஃபைல் கையில கெடைச்சா என்ன பாப்பீங்கன்னு சொல்றேன், ஏன்னா நெறைய பேர் வீரப்பதக்கம் மாதிரி ஏதோ எதிர்பாத்து வந்து முகம் வாடிப் போறாங்க. அது ஒரு ஏழை மனுஷன் தன் ஏழ்மையை எழுத்துல ஒப்புக்கிட்டு கையேந்தின பேப்பர். கை போச்சு கால் போச்சுங்கறது மட்டும் பத்தாது, சொத்து இல்லைன்னும் காட்டணும். வடக்கு கரோலினால 1885 சட்டப்படி 500 டாலருக்கு மேல சொத்து இருந்தா கெடையாது. 1889-ல நாலு கிளாஸா பிரிச்சாங்க. காயத்தால வேலையே செய்ய முடியாதவனுக்கு வருஷம் 100 டாலர், முட்டிக்கு மேல கால் இல்ல, முழங்கைக்கு மேல கை இல்லைன்னா 75, அதுக்குக் கீழ போயிருந்தா 50, ஒரு கண்ணு போனவனுக்கு 25. மாசத்துக்கு இல்லைங்க, வருஷத்துக்கு. அதையும் ஊர் நீதிமன்ற கிளார்க் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணி, டாக்டர் முன்னாடி சட்டையைக் கழட்டிக் காட்டி, கூட சண்டை போட்டவங்களை சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து, தெரிஞ்ச மூஞ்சிகளே உக்காந்திருக்குற கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போர்டு பாஸ் பண்ணணும்.

பென்ஷனுக்கும் முன்னாடி குடுத்தது மரக்கால். 1866-லயே வடக்கு கரோலினா கால் இழந்தவங்களுக்கு செயற்கைக் கால் திட்டம் ஆரம்பிச்சுது, தெற்குல இதுதான் முதல். ராலே வரைக்கும் ரயில்ல இலவசமா கூட்டிட்டு வந்து அளவெடுத்தாங்க, வேண்டாம்னா காலுக்கு 70 டாலர், கைக்கு 50 டாலர் ரொக்கம். அந்தக் காலத்து மினியே குண்டு மெத்தான ஈயம், எலும்புல பட்டா நசுங்கி எலும்பைத் தூளாக்கிரும், அதனாலதான் அத்தனை கையும் காலும் போச்சு. வெட்டாம விட்டவங்க பாடு இன்னும் மோசம். முப்பது வருஷம் கழிச்சும் சீழ் வருது, எலும்புச் சில்லு வெளிய வருதுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் எழுதியிருப்பாரு, நான் எத்தனையோ பாத்திருக்கேன், இன்னமும் அந்த வரி வந்தா ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத்தான் அடுத்த பக்கம் புரட்டுவேன். வடக்கு கரோலினா டாக்டர்கள் "முக்கால் பங்கு உழைக்க முடியாதவர்"னு எழுதுவாங்க. அது அவங்க இஷ்டத்துக்கு எழுதினது இல்ல, மனு தேறுறதுக்கு சட்டம் கேட்ட அளவு அது. அதை வச்சு தாத்தாவுக்கு உண்மைல எவ்வளவு ஊனம்னு கணக்குப் போடாதீங்க.

அப்பறம் சர்வீஸ் ரெகார்டுலயும் ரிச்மண்ட் சிம்பராசோ மாதிரி கான்ஃபெடரேட் ஆஸ்பத்திரிப் பதிவுலயும் "வி.எஸ்."னு ரெண்டெழுத்து வரும். ஒருத்தர் அதை ஆளோட இனிஷியல்னு எடுத்துக்கிட்டு வேற யாரோ ஒருத்தரைத் தன் குடும்ப மரத்துல சேத்து, அதை இருபது பேர் காப்பி பண்ணி, இன்னைக்கு வரைக்கும் அந்தத் தப்பை என்னால அழிக்க முடியல. அது லத்தீன் சுருக்கம், துப்பாக்கிக் குண்டுக் காயம்னு அர்த்தம்.

மனுல இருக்குறது எல்லாம் வேதவாக்குன்னும் எடுத்துக்காதீங்க. நாப்பது வருஷம் கழிச்சு ஞாபகத்துல சொன்னது, தேதி மாறும், வயசு மாறும், சண்டை நடந்த ஊர் பேரே மாறும். சிலது பொய்யாவும் இருக்கும். டெக்சாஸ்ல வால்டர் வில்லியம்ஸ்னு ஒருத்தர், பென்ஷன் வாங்கினவர், 1959 டிசம்பர்ல இறந்தப்ப சிவில் வாரோட கடைசி வீரர்னு நாடே துக்கம் அனுசரிச்சுது. 1860 சென்சஸ்ல பாத்தா அவருக்கு அஞ்சு வயசு.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. மிசிசிப்பி 1888-லேர்ந்தே, டென்னசி 1921-லேர்ந்து, அப்பறம் தெற்கு கரோலினா, வர்ஜீனியா, வடக்கு கரோலினாவும், கறுப்பினத்து ஆட்களுக்கு பென்ஷன் குடுத்தாங்க. அந்த ஃபார்மை போட்டோ எடுத்துப் போட்டு "பாத்தீங்களா, கறுப்பினத்தவங்களும் தெற்குக்காக விரும்பி சண்டை போட்டாங்க"ன்னு எழுதுறாங்க. ஃபார்மைப் படிங்க. "எந்த எஜமானுக்கு வேலை செஞ்சே"ன்னு கேள்வி இருக்கும். அவங்க சிப்பாய் இல்ல, அடிமைகளா போர்முனைக்குக் கூட்டிட்டுப் போகப்பட்டு சமைச்சவங்க, துணி துவைச்சவங்க, குழி வெட்டினவங்க. அடிமையா உழைச்சதுக்கு ஏதாவது குடுங்கன்னு தனியா இயக்கம் நடத்தின காலி ஹவுஸ்ங்கற சலவைத் தொழிலாளிப் பெண்ணை மத்திய அரசு 1917-ல ஜெயில்ல போட்டுச்சு. எஜமானுக்கு விசுவாசமா இருந்தேன்னு சொன்னவனுக்கு மட்டும் நாலு காசு கெடச்சுது. அடிபட்ட ஏழை சிப்பாயைப் பாத்து நான் இரக்கப்படுறேன், அதுக்காக அந்தப் போர் அடிமை முறையைக் காப்பாத்த நடந்ததுங்கறதை மறைச்சு எழுத மாட்டேன். என்கிட்ட வர்ற குடும்பத்துக்கும் இதை நேரா சொல்லிருவேன், சில பேருக்குப் பிடிக்கிறதில்ல.

இனிமே தேடுறவங்க கேட்டுக்கங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி மாநில ஆவணக் காப்பகத்தோட இண்டெக்ஸைப் பாருங்க, நெறைய மாநிலம் இலவசமாவே போட்டிருக்கு. பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணு இல்ல, கம்பெனி, ரெஜிமெண்ட், கவுண்டி மூணும் ஒத்துப்போனாத்தான் சேருங்க. விதவை பேர்லயும் தேடுங்க, அவர் பேர்ல இல்லாதது அந்தம்மா பேர்ல இருக்கும், கல்யாணத் தேதி, சொந்த ஊர் எல்லாம் அங்கதான் கெடைக்கும். தள்ளுபடி ஆன மனுவையும் கேட்டு வாங்குங்க, ஒரே ஆள் மூணு தடவை கூட போட்டிருப்பாரு. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்குறேன், போர்டு என்ன முடிவு பண்ணுச்சு, ஏன் பண்ணுச்சுன்னு பல சமயம் பின்னாடிதான் கிறுக்கி வச்சிருப்பாங்க. வயசான மாமியார்கிட்ட, அம்மாகிட்ட, "அது பொய்"னு சொல்றதுக்கு முன்னாடி யாராவது தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.

மதுரைப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். 1880 சென்சஸ்லயே தாத்தா டெக்சாஸ்ல இருந்தாரு. டெக்சாஸ் சட்டப்படி 1880 ஜனவரிலேர்ந்து அங்க குடியிருந்திருக்கணும், அதுல அவர் தப்பிச்சாரு. அவருக்குப் பொறந்த பொண்ணு ஒண்ணு கரோலினா சொந்தத்துலயே கல்யாணம் பண்ணித் திரும்பி வந்துருச்சு, அதனாலதான் இங்க யாருக்கும் டெக்சாஸ் ஞாபகமே இல்ல. ஆஸ்டின்லேர்ந்து ஃபைல் வந்துச்சு. சான்சலர்ஸ்வில் சண்டைல, 1863 மே மாசம், வலது முழங்கைல குண்டு. கையெழுத்து போடுற எடத்துல ஒரு பெருக்கல் குறி. சாட்சி ரெண்டு பேரும் கரோலினாவுலயே இருந்தவங்க, இவருக்காக நீதிமன்றம் போய் சத்தியம் பண்ணி எழுதித் தபால்ல அனுப்பியிருக்காங்க.

வீடியோ கால்ல அந்தம்மா அந்தப் பெருக்கல் குறிமேல விரலை வச்சு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்பறம் கேட்டது, சாட்சி சொன்ன அந்த ரெண்டு குடும்பத்துல இப்ப யாராவது இருக்காங்களான்னு. ஒரு குடும்பம் பக்கத்துக் கவுண்டிலயே இருக்கும் போலத் தெரியுது, தேடிக்கிட்டு இருக்கேன்.