ஆஃப்செட் நோட்டை மூடி வையுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. "ஃபைவ் ஆக்சிஸ்ல அளவு ஓடுது சார், வந்து பாருங்க" என்று அழைப்பு. ஃபைவ் ஆக்சிஸ் என்பது எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று நேர் அச்சுகளோடு, திரும்பும் இரண்டு அச்சுகளும் உள்ள சிஎன்சி வெட்டு மெஷின். இங்கே டேபிளைச் சுழற்றுவது சி அச்சு, சாய்ப்பது ஏ அச்சு. போனால், மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டைக் காட்டினார்கள். அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. உள்ளே பென்சிலில், அழித்து அழித்து எழுதியிருந்தது: சி 0-க்கு ஒன்றும் வேண்டாம். சி 90-க்கு எக்ஸில் 0.04 மி.மீ., ஒய்யில் 0.04. சி 180-க்கு எக்ஸில் 0.08. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு தனி ஜீரோ, அதாவது ஜாப் (வெட்டப்படும் பொருள்) எங்கே தொடங்குகிறது என்று மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட். ஜி54 நேராக இருக்கும்போது, ஜி55 கால் சுற்றுக்கு, ஜி56 அரைச் சுற்றுக்கு.

"இதைப் போட்டா வந்துடும் சார். புது ஜாப்லதான் வரமாட்டேங்குது" என்றார் ஆபரேட்டர்.

நான் கேட்ட முதல் கேள்வி: "எப்போ இடிச்சுது?"

யாரும் வாய் திறக்கவில்லை. டீக்குப் போகும் வழியில்தான் ஹெல்பர் பையன் மெதுவாகச் சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்னால், டூலைப் பிடிக்கும் ஹோல்டர், ஜாப்பைப் பிடிக்கும் வைஸில் "லேசா தட்டுச்சாம்". ரேப்பிடில், அதாவது வெட்டாமல் வேகமாக நகரும்போது, நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால் ஒரு நொடிக்கு அரை மீட்டர். அந்த வேகத்தில் லேசாகத் தட்டுவது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆபரேட்டரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதி வைத்திருந்தது அருமையான பரிசோதனை அறிக்கை. 0, 0.04, 0.08 என்ற அந்த வரிசையே நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறது. கண்ட்ரோலர் நினைக்கும் இடத்தில் டேபிளின் சுழல் மையம் இல்லை, எக்ஸில் 0.04 விலகியிருக்கிறது. மருந்தைத்தான் அவர் தவறான இடத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: "ஆஃப்செட்ல சரிபண்ணிடலாம்." மூன்று ஆக்சிஸ் மெஷினில் பதினைந்து வருடம் நின்றவருக்கு இது கைப்பழக்கம். ஜாப் 0.04 தள்ளியிருந்தால் 0.04 தள்ளிப் போடு, முடிந்தது. அங்கே அது சரி. ஏனென்றால் அங்கே ஜாப் திரும்புவதில்லை.

இங்கே டேபிள் திரும்புகிறது. ஜீரோவை சி 0-வில் ஒருமுறைதான் எடுக்கிறீர்கள். டேபிள் திரும்பியதும் ஜாப் எங்கே போயிருக்கும் என்பதை, தன்னிடம் பதிந்திருக்கும் மையத்தை வைத்துக் கண்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. டேபிளோ தன் நிஜ மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். ஒரு காகிதத்தில் பென்சில் முனை தொடங்கும் இடத்தை மாற்றாமல், காம்பஸ் ஊசியை மட்டும் 1 மி.மீ. தள்ளிக் குத்தி அரை வட்டம் போட்டுப் பாருங்கள். மறுமுனை 2 மி.மீ. தள்ளி நிற்கும். கால் வட்டம் போட்டால் இரண்டு திசையிலும் ஒவ்வொரு மி.மீ. அந்த நோட்டில் இருந்ததும் இதே கணக்குதான்.

நான்கு கோணத்தில் நிறுத்தி வெட்டும் வேலைக்கு நோட்டு ஓரளவு கைகொடுக்கும். ஐந்து அச்சும் ஒன்றாக ஓடும் இம்பெல்லர் பிளேடுக்கு? சி அச்சு ஒவ்வொரு டிகிரி நகரும்போதும் பிழை வேறு. எத்தனை ஜீரோ எழுதுவீர்கள்? இதில் ஏ அச்சின் ஜீரோவும் 0.01 டிகிரி சாய்ந்திருந்தால், 300 மி.மீ. தூரத்தில் இன்னொரு 0.052 வந்து சேரும். அதற்கு எந்த ஆஃப்செட்?

இதே பழக்கத்தின் தம்பி ஒருவன் இருக்கிறான்: மாஸ்டர் டூல். ஒரு டூலை ஜீரோவாக வைத்து, மற்ற டூல்களின் நீளத்தை அதிலிருந்து வித்தியாசமாகப் பதிவது. மூன்று ஆக்சிஸில் ஜாப்பின் இசட் ஜீரோ அந்தக் குறையை விழுங்கிவிடும். ஃபைவ் ஆக்சிஸில் விழுங்காது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முகத்தில் உள்ள அளவுக்கோட்டிலிருந்து டூல் முனை வரை நிஜமான நீளம் வேண்டும். ஹெட் சாயும் மெஷினில் நீளம் 0.05 தப்பினால், 30 டிகிரி சாய்வில் முனை பக்கவாட்டில் 0.025 விலகும், 90 டிகிரியில் முழு 0.05-ம் பக்கவாட்டுக்கே போய்விடும். டூல் முனையைப் பின்தொடரும் கட்டளை ஃபனுக் கண்ட்ரோலரின் ஜி43.4 ஆனாலும், சீமென்ஸின் டிராஓரி ஆனாலும், ஹைடன்ஹைனின் எம்128 ஆனாலும், நீங்கள் கொடுத்த நீளத்தை நம்பித்தான் கணக்குப் போடும்.

"சிமுலேஷன்ல சரியா இருந்துச்சே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டூல் பாதை போடும் கேம் மென்பொருளுக்குள் பச்சையாக ஓடுவது பெரும்பாலும் டூல் பாதை மட்டும்தான். அந்தப் பாதையை மெஷின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் கக்கிய ஜி-கோடை, நிஜ ஹோல்டர், நிஜ ஃபிக்சர், நிஜ மெஷின் மாடலோடு ஓட்டியிருக்கிறீர்களா? அப்படி ஓட்டினாலும் சிமுலேஷனில் இருக்கும் மெஷின் இதுவரை எதிலும் இடித்துக்கொள்ளாத மெஷின். உங்களுடையது இடித்தது.

இடித்த பிறகு என்ன செய்வது? வரிசை முக்கியம். முதலில் ஸ்பிண்டில் டேப்பரில் (டூல் உட்காரும் கூம்புக் குழியில்) டெஸ்ட் பார் எனும் துல்லியக் கம்பியைப் போட்டு, அடியிலும் 300 மி.மீ. கீழேயும் ரன்-அவுட், அதாவது சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்பிண்டில் இசட்டுக்கு நேராக நிற்கிறதா, ஏ 0-வில் டேபிள் மட்டமாக இருக்கிறதா, அச்சின் பிரேக் நழுவாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியான பிறகுதான் மையம். சாய்ந்த ஸ்பிண்டிலை வைத்துக்கொண்டு மையத்தைத் திருத்துவது இன்னொரு நோட்டு எழுதுவதற்குச் சமம்.

மையத்துக்குக் கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். டேபிளில் ஒரு துல்லிய உருண்டை, ஸ்பிண்டிலில் தொட்டு அளக்கும் ஒரு ப்ரோப். ஹைடன்ஹைனில் சைக்கிள் 451, சீமென்ஸில் சைக்கிள் 996 இதற்காகவே இருக்கின்றன. அதற்கான ஆப்ஷன் உங்கள் மெஷினில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டேபிள் சுழலும் ஃபனுக் மெஷினில் மையம் உட்கார்ந்திருப்பது 19700 முதல் 19702 வரையுள்ள பாராமீட்டர்களில். தொடும் முன் பழையதை எழுதி வையுங்கள். நோட்டு அதற்குத்தான்! ப்ரோப் இல்லாத இடத்தில் முள் வைத்த டயல் கேஜே போதும்: டூல் சென்டர் பாயின்ட்டை (மேலே சொன்ன ஜி43.4 வகைக் கட்டளையை) ஆன் செய்து, உருண்டையின் பக்கவாட்டில் டயலை வைத்து, சி அச்சை மெதுவாக முழுச் சுற்று விடுங்கள். முள் நின்ற இடத்தில் நின்றால் நிம்மதி. ஆடினால், எவ்வளவு எந்தத் திசையில் என்று அதுவே சொல்லும். காலையில் போட்டவுடன் பார்க்காதீர்கள், மெஷின் சூடேறட்டும். இரும்பு 1 மீட்டருக்கு, 1 டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும்.

இடிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை இந்த உருண்டைச் சோதனையைச் செய்து எழுதி வைத்தால், எந்த வாரத்தில் ஓட ஆரம்பித்தது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

சாய்ந்த துளைக்குள் டூல் இருக்கும்போது கரண்ட் போனாலோ அலாரம் வந்தாலோ, ரீசெட் அழுத்திவிட்டு அப்படியே இசட்டைத் தூக்காதீர்கள். ஹெட் சாயும் பல மெஷின்களில் ரீசெட்டோடு சாய்தளம், அதாவது சாய்த்து அமைத்த அச்சுத் திசை, போய்விடும். இசட் நேராக மேலே போகும், டூல் துளைக்குள் முறியும். டூல் அச்சுத் திசையில் ஜாக் செய்யும் (கையால் நகர்த்தும்) வசதி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே, மெஷின் சும்மா நிற்கும்போதே தேடிக் கண்டுபிடியுங்கள்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். இடித்ததைச் சொன்னவரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அந்த ஹெல்பருக்கு மூன்று மாதமாகத் தெரிந்த விஷயம் உங்களுக்குத் தெரியாமல் போனது அந்தப் பயத்தால்தான். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு ஷிப்ட் வேலை. இப்போது மூன்று மாத ஜாப்களை மறுபடி அளக்கிறார்கள்.

அந்த மெஷினுக்கு வருவோம். ஸ்பிண்டில் நல்லவேளையாகத் தப்பியிருந்தது. மையத்தைத் திருத்தி, டயல் முள் அசையாததை எல்லோருக்கும் காட்டிவிட்டு இரவு கிளம்பினேன். காலை எட்டரைக்கு போன்.

"சார், இப்ப 0.08 மறுபக்கம் போகுது."

"ஜி56-ல என்ன நம்பர் இருக்கு, பாருங்க."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "நோட்டுல இருந்ததைத்தான் சார் போட்டேன்."