அடாஜியோ: மெதுவா, விளம்பமா, ஆறுதலா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாகக் குடியிருப்பவர்கள் பாட்டுக் கேட்க ரயிலிடம் அனுமதி வாங்க வேண்டும். போன ஞாயிறு பேத்தோவனின் நால்வர் இசை ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. மூன்றாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காலி நகர்ப் பக்கம் போகும் ரயில் கடந்தது. யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால், நால்வரும் அதிகம் நகரவே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, நல்ல ஆறுதலா வாசிக்கினம், என்ன?" என்றார்.

இசைத்தட்டின் உறையில் அந்தப் பகுதிக்கு மேலே வேகக்குறியாக 'மோல்ட்டோ அடாஜியோ' என்று போட்டிருந்தது. மோல்ட்டோ என்றால் 'மிக'. இத்தாலியன் தெரியாத பெரியம்மா அதைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டார்.

அடாஜியோ இத்தாலியச் சொல். 'ஆத் ஆஜியோ' என்ற இரண்டு சொல் ஒட்டியது. 'ஆஜியோ' என்றால் சாவகாசம், வசதி, நெருக்கடி இல்லாத நிலை. ஆக அடாஜியோவின் நேர்ப்பொருள் 'மெதுவாக' அல்ல, 'அவசரம் இல்லாமல்'. மெதுவு பிறகு வந்து சேர்ந்த பொருள். 1815இல் மெல்ட்செல் என்பவர், வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் எண்களும் ஏறின. அடாஜியோவுக்கு நிமிடத்துக்கு 66 முதல் 76 அடி என்று பல கருவிகளில் அச்சிட்டிருக்கும். பேத்தோவன் தம் முந்தைய நால்வர் இசைகளுக்கு எண் கொடுத்தார். நான் கேட்ட இந்தப் பிற்காலப் படைப்புக்குக் கொடுக்கவில்லை. அதனால் ஒரு குழு 15 நிமிடத்தில் முடிப்பதை இன்னொரு குழு 20 நிமிடம் வரை இழுக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொழும்பில் ஒரே பிள்ளை வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கும் போகும், லண்டன் பியானோப் பரீட்சைக்கும் போகும். அந்தப் பிள்ளையைக் கேட்டால் உடனே 'விளம்பகாலம்' என்று சொல்லும். பிழையில்லை. ஆனால் நம் கர்நாடக இசையில் 'காலம்' எனும் மூன்று வேகங்களும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாக நிற்கும் கணக்கு. விளம்பம் என்றால் அதற்கு மேலே மத்திமம், துரிதம் இருக்கிறது என்று அர்த்தம். அடாஜியோவில் அந்தக் கணக்கு இல்லை, மனநிலைதான் இருக்கிறது. இன்னும் பழசு வேண்டுமென்றால், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் முதல்நடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு இயக்கம் சொல்கிறார். முதல்நடைதான் ஆக மெதுவானது. அருமையான சொல், ஆனால் இன்று விளக்கம் கொடுக்காமல் எழுத முடியாது. ('இயக்கம்' என்றால் இந்த நாட்டில் போராளி அமைப்பு என்றே நினைப்பார்கள், அந்தச் சொல்லையும் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் 'மூவ்மென்ட்' என்பதை மேலே 'பகுதி' என்றேன்.)

என் கட்சி பெரியம்மா கட்சி: ஆறுதல்.

சென்னைக்காரருக்கு இது இடிக்கும். அங்கே ஆறுதல் என்றால் தேற்றுவது மட்டும்தான். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் போனில் "ஒண்டும் அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்றேன். "ஏன், வீட்டில் ஏதாவது துக்கமா?" என்று பதறிவிட்டார். இங்கே த்ரீவீல்காரரிடம்கூட "ஆறுதலா ஓடுங்கோ அண்ணை" என்றுதான் சொல்வோம். ஆனாலும் வேர் அவர்களுக்கும் பொதுதான். 'ஆற அமர யோசி' என்று அவர்களும் சொல்வார்களே. அந்த 'ஆற'வும் இந்த 'ஆறுதலா'வும் ஒரே வினை. சூடு ஆறும், சினம் ஆறும், புண் ஆறும், கடைசியில் மனமும் ஆறும். வேகத்தையும் மனநிலையையும் ஒரே சொல் தாங்குவது அடாஜியோவைப் போலவே.

இந்தப் படைப்புக்கு அது இன்னும் பொருந்தும். 1825 வசந்தத்தில் பேத்தோவன் வயிற்று நோயில் விழுந்து, தேறி எழுந்தார். 132ஆம் இலக்கமிட்ட ஏ மைனர் நால்வர் இசையின் இந்தப் பகுதிக்கு, நோய் தேறியவன் இறைவனுக்குச் செலுத்தும் புனித நன்றிப்பாடல், லிடியன் சுரமுறையில், என்று அவரே தலைப்பிட்டார். எழுதியவருக்கே புண் ஆறிக்கொண்டிருந்த நேரம் அது.

லிடியன் என்றால் என்ன என்று பயப்பட வேண்டாம். கீபோர்டில் எஃப்பை சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். கல்யாணியின் சுரங்கள் அப்படியே வரும், பிரதி மத்திமம் உட்பட. ஆனால் கலியாண வீட்டு நாதஸ்வரக் கல்யாணியை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். கமகம் இல்லை, குழைவு இல்லை. ஒவ்வொரு சுரமும் நேராக, தேவாலயத்தில் பலர் சேர்ந்து பாடுவதுபோல வரும்.

இடையில் இரண்டு தடவை இசை டி மேஜர் என்ற வேறு சுரவரிசைக்கு மாறும். அங்கே 'புதுத் தெம்பை உணர்ந்து' என்று எழுதி, வேகக்குறியாக 'அந்தாந்தே' என்று போட்டிருக்கிறார். அந்தாந்தே என்பது 'நடத்தல்' என்ற இத்தாலிய வினையிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்தவர் எழுந்து நாலு எட்டு வைக்கிறார், திரும்பப் படுக்கிறார். இதற்குத் தமிழில் 'நடை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மிருதங்கம் பழகும் மச்சான் விடவில்லை. நடை என்றால் திஸ்ரமா (மூன்றின் கணக்கு), சதுஸ்ரமா (நான்கின் கணக்கு) என்று கேட்பார்களாம். அப்ப 'நடக்கிற மாதிரி' என்றே எழுதிவிடலாம் என்றேன்.

பெரியம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது பாட்டு இன்னும் முடியவில்லை. கடைசி அடாஜியோ முடிந்து கோப்பையை எடுத்தேன். ஆறிப் போயிருந்தது.