அமிலம்: காடியா, திராவகமா?

கேரள எல்லையில் பாறசாலை, களியக்காவிளை பக்கத்தில் ஆசிட் என்றால் பள்ளிக்கூட ஆய்வகம் நினைவுக்கு வராது, ரப்பர் ஷீட் அடிக்கிற புரைதான் (கொட்டகைதான்) வரும். ரப்பர் பாலை அரித்துத் தண்ணீர் கலந்து, நீர்த்த ஆசிட்டை ஊற்றி வைத்தால் மறுநாளைக்குள் உறைந்துவிடும். அந்த ஆசிட்டுக்குப் பாடப்புத்தகப் பெயர் பார்மிக் அமிலம்.

முதலில் அமிலம் என்ற சொல். வடமொழியில் அம்லம் என்றால் புளிப்பு. தமிழில் மகர மெய்க்குப் பின்னால் லகரம் ஒட்டாது. ரத்னம் இரத்தினமான மாதிரி நடுவில் ஓர் இகரம் புகுந்து அமிலம் ஆயிற்று. மலையாளத்தில் அம்லம், தெலுங்கில் ஆம்லம். ஆசிட்டும் வேறு வழியில் வந்ததில்லை: லத்தீனில் அசிடஸ் என்றாலும் புளிப்புதான்.

தூய தமிழ் வேண்டுபவர்கள் காடி என்பார்கள். புளித்த கஞ்சிக்கும் வினிகருக்கும் வழங்கிய சொல், பொருத்தமானதே. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையாளத்தில் காடிவெள்ளம் என்பது மாட்டுக்கு வைக்கிற அரிசி கழுவிய தண்ணீர். கரும்பலகையில் 'கந்தகக் காடி' என்று எழுதியதும் ஒரு பெண், "டீச்சர், அது பசு குடிக்குமா?" என்று கேட்டாள். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. திராவகம் என்ற சொல்லுக்கு எந்த நீர்மத்தையும் குறிக்கும் அகலம் உண்டு. புளிப்பு அதில் இல்லை. எனக்கு அமிலமே போதும், பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டால்.

அடுத்தது பார்மிக்கின் கடைசியில் வரும் அந்த 'ஐக்'. 1787இல் லவாசியே, கித்தோன் த மோர்வோ முதலிய பிரெஞ்சு வேதியியலாளர்கள் வகுத்த பெயர் முறையின் மிச்சம் அது. ஒரே தனிமத்தில் ஆக்சிஜன் கூடின அமிலத்துக்கு ஐக், குறைந்ததற்கு அஸ். நான்கு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளது சல்பியூரிக் அமிலம், அதன் உப்பு சல்பேட். மூன்று உள்ளது சல்பியூரஸ், அதன் உப்பு சல்பைட். தமிழில் கந்தக அமிலம் என்று மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். (கந்தகமும் வடமொழிதான், அதை யாரும் சட்டை செய்வதில்லை.)

எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாசியே நம்பினார். ஆக்சிஜன் என்ற பெயருக்கே புளிப்பை உண்டாக்குவது என்றுதான் பொருள். தெலுங்கில் அதை ஆம்லஜனி என்று அப்படியே ஆக்கிக்கொண்டார்கள். 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, கடலுப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டினார். அதுதான் இன்றைய ஹைட்ரோகுளோரிக் அமிலம்: ஹைட்ரஜனும் குளோரினும் மட்டும். ஆக்சிஜன் இல்லாத இந்த வகைக்குத்தான் முன்னால் 'ஹைட்ரோ' போடுகிறோம். நம்பிக்கை பொய்த்தாலும் பெயர் மாறவில்லை.

சரி, பார்மிக்? லத்தீனில் பார்மிகா என்றால் எறும்பு. 1671இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதைப் பிரித்ததைப் பற்றி எழுதினார். முறைப்படியான பெயர் மெத்தனாயிக் அமிலம், ஆனால் ரப்பர் புரையில் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. தமிழில் எறும்பு அமிலம் எனலாம். மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு பீச்சுவதும் இதே அமிலம்தான். அந்த முசுறுக்கு மலையாளத்தில் நீறு என்று பெயர். காயம் எரிவதற்கும் அங்கே 'நீறுக' என்றே சொல்கிறார்கள்.