சின்ன பைப் வேலைக்காகத் தரையை உடைக்கும் முன்

‘தரையை லேசா உடைச்சு ஒரு பைப் விட்டுட்டா போதும்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தரைக்குக் கீழே இருப்பது மண்ணா, இன்னொரு வீடா? பிளம்பர்களிலேயே பல பேர் இதைக் கேட்பதில்லை. பிரேக்கர் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், கட்டடத்துக்கு அப்படி இல்லை.

கீழே மண் என்றால் பாதிக் கவலை போயிற்று. அந்தக் கான்கிரீட் மண்மேல் படுத்துக் கிடக்கிறது. வேண்டிய அகலத்துக்கு இருபுறமும் கட்டிங் மெஷினால் கோடு வெட்டிவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் உளியால் எடுத்தால் ஓரத்து டைல்ஸ் அதிகம் பெயராது. அடியில் ஈரத்தடுப்பு ஷீட் விரித்திருந்தால் கிழியும், மூடும்போது அதையும் ஒட்ட வேண்டும். பழைய குழாயோ கேபிளோ குறுக்கே போகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி.

மாடியில் கதை வேறு. பீமுக்கும் சுவருக்கும் இடையே அந்தரத்தில் நிற்கும் ஸ்லாப் அது. வீடுகளில் பெரும்பாலும் 100 முதல் 150 மி.மீ. தடிமன்தான். கழிவுநீர் தானாக ஓட, சின்னக் குழாய்க்கு மீட்டருக்கு 20 முதல் 25 மி.மீ. வாட்டம், அதாவது சரிவு, வைப்போம். வாஷ்பேசினை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் வாட்டத்துக்கே 60 முதல் 75 மி.மீ. போய்விடும். குழாய் 50 மி.மீ. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், ஸ்லாப்பின் முழுத் தடிமனே வந்துவிடும். அதனால் மாடித் தரையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்துக் கழிவுநீர்க் குழாயைப் புதைக்கும் பேச்சுக்கே இடமில்லை. குழாயைத் தரைக்கு மேலேயே சுவரோரம் கொண்டுபோய்ப் பெட்டி அடித்து மறைக்கலாம். அழகு கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது பால்கனி. அறையின் ஸ்லாப்பில் நடுப்பகுதியின் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனியில் அதே கம்பி மேல்பக்கம் இருக்கும். வாஷிங் மெஷின் லைனுக்காகச் சுவரோரம் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காடி எடுத்தால் உளி நேராக அந்தக் கம்பியில்தான் படும். அந்தக் கம்பி தாங்கும் இழுப்பு உச்சத்தில் இருப்பதும் அதே சுவரோரம்தான். கம்பி தடுக்கிறது என்று கிரைண்டரால் நறுக்கிவிட்டு, பைப்பை வைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். பால்கனி அன்றைக்கே விழுந்துவிடாது. அதனால்தான் வெட்டியவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை, வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை.

ஸ்லாப்புக்குள் எஃகு கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டும் போஸ்ட் டென்ஷன் முறையில் கட்டிய கட்டடம் என்றால், கட்டியவர்களின் வரைபடம் கைக்கு வராமல் ஆணி கூட அடிக்காதீர்கள். அந்தக் கேபிள் அறுந்தால் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரலாம்.

கீழ்த்தளத்துக்கு ஒரு துளை போட்டே ஆகவேண்டும் என்றால், கட்டமைப்புப் பொறியாளரிடம் இடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு கோர் கட்டிங் செய்யுங்கள். வைர விளிம்புள்ள வட்ட பிட் தண்ணீரோடு சுற்றி அறுப்பதால் அதிர்வு குறைவு, துளையும் சுத்தமாக இருக்கும். பிரேக்கரால் இடித்தால் கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழும். முதலில் கம்பி கண்டுபிடிக்கும் ஸ்கேனரை ஓட்டிவிட்டு, மெல்லிய பிட்டால் ஒரு சோதனைத் துளை போடலாம். பிட் முன்னேறாமல் ‘கிண்’ என்று ஓசை மாறினால் கம்பி. சாம்பல் தூளோடு பிளாஸ்டிக் சுருள் வந்தால் ஒயர் போகும் கான்ட்யூட். எதுவானாலும் கை உடனே நிற்க வேண்டும். இன்னொன்று, உங்கள் தரைக்குள் ஓடுவது பெரும்பாலும் கீழ்வீட்டு லைட், ஃபேன் ஒயர். உங்கள் மெயினை அணைத்தால் அது அணையாது! கீழ்வீட்டாரிடம் சொல்லி அவர்கள் மெயினையும் அணையுங்கள்.

கசிவைத் தேடி உடைப்பதாக இருந்தால் முதலில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் நல்ல தண்ணீர் லைனில் பெரிய கசிவு இல்லை, கழிவுநீர் லைனையோ பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங்கையோ சந்தேகிக்கலாம். இதைப் பார்க்காமலே தரை முழுக்க உடைத்த வீடுகள் ஏராளம். கசியும் லைனைக் கண்டுபிடித்தாலும் உடைத்தே ஆகவேண்டும் என்றில்லை. அதை இரு முனையிலும் அடைத்து அப்படியே புதைத்துவிட்டு, சுவர் வழியாகப் புது லைன் இழுப்பது பல நேரம் மலிவு.

அப்புறம் தூசி. கான்கிரீட்டை உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசியில் நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். படிகச் சிலிக்காவை 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது. முகத்தில் துண்டு கட்டுவதால் பயனில்லை. இறுக்கமாகப் பொருந்தும் என்95 மாஸ்க்காவது வேண்டும். அறைக் கதவைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள், ஃபேனை அணையுங்கள், குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். முடிந்ததும் விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி அடங்கட்டும் என்று சாதாரண கிரைண்டர் மேல் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், ஷாக் அடிக்கும். தூசி உறிஞ்சும் மூடி பொருத்திய மெஷின் கிடைக்கிறது. எந்த மெஷினையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில்தான் சொருக வேண்டும்.

மூடுவதில் அவசரம் வேண்டாம். கழிவுநீர் லைனின் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கலவை. பழைய கான்கிரீட் ஓரத்தைத் தூசி போகக் கழுவி, நனைத்து, சிமென்ட் பால் பூசிப் போட்டால்தான் பிடிக்கும். பாத்ரூம் என்றால் வாட்டர்ப்ரூஃபிங்கை ஓட்டையைத் தாண்டிச் சுற்றிலும் நீட்டிப் பூச வேண்டும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்துவிட்டு டைல்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.