ஃபிளைபாஸ்ட்டா, ஃபிளைஓவரா? தமிழில் என்ன சொல்வது?

"மாமா, ஃபிளைஓவர் பாக்கக் கிளம்பி ஃபிளைஓவர்லயே மாட்டிக்கிட்டேன்."

2025 பிப்ரவரியில் பெங்களூரின் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்த வாரம், ஹெப்பால் பாலத்தின் மேல் நின்றுகொண்டு அக்கா மகன் போனில் சொன்னது. இரண்டாவது ஃபிளைஓவர் நமக்குத் தெரிந்தது. தமிழில் மேம்பாலம், பெங்களூரின் கன்னடப் பலகைகளில் மேல்சேதுவெ. முதல் ஃபிளைஓவர் அவன் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட அமெரிக்க வழக்கு. அங்கே பந்தாட்ட மைதானத்தில் தேசியகீதம் முடியும் நொடியில் போர் விமானங்கள் கூரையை உரசுவதுபோல் பறந்து போகும். அதற்குப் பெயர் ஃபிளைஓவர். அதே காட்சிக்கு பிரிட்டிஷ்காரர்களும் நம் படையினரும் சொல்வது ஃபிளைபாஸ்ட்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபிளைபாஸ்ட் என்பது மார்ச்பாஸ்ட்டைப் பார்த்துச் செய்த சொல். பள்ளி விளையாட்டு விழாவில் எல்லோரும் செய்ததுதான்: மேடையில் ஒருவர் மரியாதையை ஏற்றுக்கொண்டு நிற்பார், அணி அவரைப் பக்கவாட்டில் கடந்து போகும். தலைமேல் ஏறிப் போகாது. 'பாஸ்ட்' என்பதில் கடந்து போவது இருக்கிறது; 'ஓவர்' என்பதில் தலைக்கு மேல் போவது இருக்கிறது. கூட்டம் நிற்கும் இடத்தில் இந்தச் சின்ன வேறுபாடுதான் உயிர்.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் முதல் அடியிலேயே வழுக்குகிறது. 'கடந்து பறத்தல்' என்பதைச் சுருக்கி 'விமானக் கடத்தல்' என்று எழுதிப் பாருங்கள், காவல்துறை வந்துவிடும். நாளிதழ்கள் வேறு வழி பிடித்தன. நேராகப் பறந்தாலும் 'வான் சாகசம்', குட்டிக்கரணம் போட்டாலும் 'வான் சாகசம்'. இந்த ஒற்றைச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. சாகசம் என்றதும் ஆபத்து விமானிக்கு மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கீழே நிற்பவன் கைதட்டுபவனாகிவிடுகிறான்.

இங்கே மூன்று செயல்கள் இருக்கின்றன, மூன்று சொல் வேண்டும். அணியாக, நேராக, மட்டமாகப் பறந்து போவதற்கு 'அணிப்பறப்பு'. தில்லியில் குடியரசு நாளன்று கர்தவ்ய பாதையில் பார்ப்பது இது. சுழன்று, கவிழ்ந்து, வளையமிட்டுக் காட்டுவதற்கு மட்டும் 'சாகசப் பறப்பு'. தரைக்கு அருகே வருவதற்குத் 'தாழ்பறப்பு'. தாழ்வாரம் நாம் அறிந்த சொல்தான். கூரை தாழ்ந்து வருகிற இடம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பாட்டிகள் சொன்னதிலும் இதே தாழ்தான்.

சட்டம் கவலைப்படுவது இந்த மூன்றாவதைப் பற்றி. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் 2-ஆம் இணைப்பு சொல்வது இது: நகர நெரிசலுக்கு மேலோ திறந்தவெளியில் திரண்ட மக்களுக்கு மேலோ பறப்பதானால், ஏதாவது கோளாறு வந்தாலும் கீழே இருப்பவருக்கு ஆபத்தில்லாமல் இறங்கக்கூடிய உயரம் வேண்டும். கண்ணால் பார்த்து ஓட்டும் பறப்புக்கு அளவும் உண்டு. விமானத்தைச் சுற்றி 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 300 மீட்டர் மேலே, அதாவது ஏறக்குறைய 1,000 அடி. ஏறும்போதும் இறங்கும்போதும் விலக்கு. உரிய அதிகாரி அனுமதித்தாலும் விலக்கு. படையைச் சேராத விமானங்கள் காட்சிக்காகத் தாழப் பறப்பது அந்த இரண்டாம் விலக்கில்தான்.

அந்த விதியின் 'அசெம்பிளி' என்ற சொல்லுக்குக் 'கூட்டம்' என்று எழுதினால் சங்கக் கூட்டம், கட்சிக் கூட்டம் எல்லாம் நினைவுக்கு வரும். 'திரள்' பொருந்துகிறது. எத்தனை பேர் சேர்ந்தால் திரள் என்று விதி எண்ணிச் சொல்லவில்லை, தமிழும் சொல்வதில்லை. வெண்ணெய் திரள்வது எந்தச் சொட்டில் என்று யாரால் சொல்ல முடியும்?

உயரம் என்றால் உண்மையில் நேரம். மணிக்கு 900 கிலோமீட்டரில் வரும் ஜெட், நொடிக்கு 250 மீட்டர் போகிறது. தாழப் பறக்கும்போது இயந்திரத்தில் பறவை சிக்கினால் விமானி யோசிக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு மூச்சுதான். எலஹங்காவில் கண்காட்சிக்கு முன்பு 13 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இறைச்சி விற்பனையை மாநகராட்சி நிறுத்துவது இதற்காகத்தான். கழிவுக்குப் பருந்து கூடும். பிரியாணிக் கடைக்காரருக்கு மட்டும் அந்த நாட்களில் ஃபிளைபாஸ்ட் என்றால் கடையடைப்பு.

தாழ்வதைவிடப் பெரிய கேள்வி திசை. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய அணி வானில் இதயம் வரைந்தது. அதைத் துளைக்கும் அம்பாக ஒரு விமானம் கூட்டத்தை நோக்கி வந்தபோது மற்ற இரண்டோடு மோதியது. எரிந்துகொண்டே திரளுக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். கூட்டத்துக்கு இணையாக ஒரு கோடு வகுத்து, அதைத் தாண்டாமல் பறப்பதும், கூட்டத்தை நோக்கி மூக்கைத் திருப்பாததும் முக்கியம் என்பதை இந்த விபத்து காட்டியது. உடைந்த விமானம் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகும். கடந்து போனால் ஓடுபாதையில் விழும். மேலே வந்தால் நம்மேல் விழும்.

எலஹங்காவிலேயே 2019 பிப்ரவரி 19 அன்று, கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில், நம் விமானப்படையின் சூர்யகிரண் சாகச அணியின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதின. ஒரு விமானி இறந்தார், இருவர் பாராசூட்டில் தப்பினார்கள். வேலிக்கு வெளியே பல்லாரி சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தின் ஷோரம் நினைவு வரும். 2015 ஆகஸ்ட் 22 அன்று அங்கே ஒரு பழைய ஹண்டர் ஜெட் வளையம் போட்டு இறங்கும்போது உயரம் போதாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் காட்சித் திடலுக்கு வெளியே இருந்தவர்கள்.

அதன் பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்ட ஆணையில் நம் சொல் திரும்பி வருகிறது: பழைய ஜெட் விமானங்கள் நிலத்துக்கு மேல் ஃபிளைபாஸ்ட் மட்டும் செய்யலாம், சாகசம் கூடாது. இதை நம் நாளிதழ்த் தமிழில் எழுதிப் பாருங்கள். 'வான் சாகசம் மட்டும் செய்யலாம், வான் சாகசம் கூடாது' என்று வரும்.

நம் நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேண்டுமென்றே பிறருக்கு ஆபத்து வரும்படி பறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முன்பிருந்த 1934-ஆம் ஆண்டுச் சட்டம் படை விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. அவற்றுக்குப் படையின் சொந்த விதிகள்.

விமானம் மட்டும் ஒழுங்காகப் பறந்தால் போதுமா என்றால், 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படை வான்காட்சியில் ஒரு விமானமும் விழவில்லை. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள்.

இதே தாழ்பறப்புக்கு ஈழத்தில் வேறு பெயர். வன்னியில் போர்க்காலத்தில் எந்த ஜெட் இரைந்தாலும் 'கிபிர்' என்பார்கள். அது இலங்கை விமானப்படையிடம் இருந்த விமானத்தின் பெயர். எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா கிளிநொச்சிப் பக்கம். ஒத்திகை நாளில் பிள்ளைகள் எல்லாம் மொட்டைமாடிக்கு ஓட, அவர் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இத்தனையும் நான் தேடியதற்குக் காரணம் ஒரு கோயில் நோட்டீஸ். அல்சூர்ப் பக்கம் குடமுழுக்கு. 'ஹெலிகாப்டரில் மலர் தூவப்படும்' என்று போடச் சொன்னார் தலைவர் ஐயா. ஹெலிகாப்டர் தாழ்ந்தால் இறக்கைக் காற்றே பந்தல் தகரத்தைப் பிய்த்துவிடும் என்றேன். அப்போ ட்ரோன் என்றார். அதற்கும் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வரைபடத்தில் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். மஞ்சளானால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். ஹெச்.ஏ.எல். விமான நிலையம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. ஐயா கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார்.

"சரி தம்பி, ஏணி போட்டே தூவிடுவோம். அதுக்குத் தமிழ்ல என்ன?"