'நீண்ட கோவிட்' எத்தனை முழம்?

கொக்கிரகுளத்துக்கும் சந்திப்புக்கும் நடுவே தாமிரபரணி மேல் கிடக்கிற சுலோசன முதலியார் பாலத்தை நீண்ட பாலம் என்று சொல்லுங்கள், சரி. ரேஷன் கடை முன்னால் நிற்பது நீண்ட வரிசை, அதுவும் சரி. 'நீண்ட கோவிட்' என்றால்? கொரோனா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் விடாத தொல்லைகளுக்கு ஆங்கிலத்தில் 'லாங் கோவிட்' என்று பெயர், அதைத் தமிழாக்கியது இது. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர் சொல்கிறார், மருத்துவமனைச் சுவரில் தட்டி தொங்குகிறது, வாட்ஸ்அப்பில் துண்டுத்தாள் சுற்றுகிறது. எத்தனை முழம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சொல் பிறந்த கதை சின்னது. கோவிட் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரி 11 அன்று அறிவித்த பெயர். கொரோனா, வைரஸ், டிசீஸ் என்ற மூன்று சொற்களின் தலையெழுத்துகளை ஒட்டவைத்தது. கூட வரும் 19 என்பது 2019. 'லாங்' இடத்துக்கும் காலத்துக்கும் பொதுவான ஆங்கிலச் சொல். இரண்டையும் 2020 மே மாதம் ட்விட்டரில் சேர்த்து எழுதியவர் எலிசா பெரேகோ. இத்தாலிக்காரர், தொல்லியல் ஆய்வாளர், தாமே நோயில் கிடந்தவர். லேசான கொரோனா இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும் இருந்த கணக்கு. நம்மூரில் வீட்டு வாசலில் ஒட்டிய தாளும், தெருவை அடைத்த தகரமும், பதினாலு நாள் என்ற சொல்லும் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கணக்கு என் உடம்பில் பொய்த்துப்போனது என்கிற முறையீடுதான் அந்த 'லாங்'. மருத்துவர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

இந்த முறையீடு 'நீண்ட' என்பதில் ஏறவே இல்லை. நீண்ட நாள், நீண்ட ஆயுள், நீண்ட பேச்சு என்று தமிழில் உண்டு. ஆனால் நோய்க்கு முன்னால் யாராவது 'நீண்ட' போட்டுப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? விடாக் காய்ச்சல் என்போம், தீராத இருமல் என்போம், ஆறாத புண், நாள்பட்ட சீதபேதி. நோய் விடவில்லை, தீரவில்லை, ஆறவில்லை என்று படுத்துக் கிடக்கிறவர் பக்கமிருந்தே தமிழ் பேசுகிறது. 'நீண்ட' அளவுகோலை எடுத்துக்கொண்டு வெளியே நின்று அளக்கிறது. அகராதியில் முதல் பொருளாகக் கிடந்ததை எடுத்து ஒட்டிய வேலை இது.

'நெடுங்கோவிட்' என்று ஒருசாரார் எழுதுகிறார்கள். இதற்கு ஆதரவாக ஒன்று சொல்லியாகவேண்டும். நெடுநல்வாடை என்ற பெயருக்கு உரைகாரர் சொல்லும் விளக்கம், பிரிந்திருக்கும் தலைவிக்கு அந்த வாடை நெடியது, பாசறையில் இருக்கும் தலைவனுக்கு நல்லது என்பது. ஆக, 'நெடு' என்பது துன்பப்படுகிறவருக்குக் காலம் நீள்வதைக் குறிக்க வல்ல சொல்தான். நீடு, நீடித்த எல்லாம் அதன் உறவு. ஆனால் பாளையங்கோட்டையில் புறநோயாளிச் சீட்டோடு நிற்கிறவருக்கு அந்த உரை காதில் கேட்காது. 'நெடுங்கோவிட்' என்றால் இது என்ன புதுக் கொரோனா, டெல்டா, ஓமிக்ரான் மாதிரி இன்னொன்றா என்றே கேட்பார்.

அங்கேதான் பெரிய கேடு. 'நீண்ட', 'நெடு', 'நீள்' எதைப் போட்டாலும் கோவிட் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதனால் ஒட்டும் என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்கிறார். தம்ளரைத் தனியாக வைக்கிற வீடு அதோடு மறுபடி வைக்கும். இந்நிலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. மறுபடி புதிதாகத் தொற்றினால் மட்டுமே பிறருக்குப் பரவும்.

எதிர்ப்பக்கத்தில் 'கொரோனா பக்கவிளைவு' என்று ஒன்று. பக்கவிளைவு மருந்துக்கு வருவது. ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஊசியைத்தான் நினைக்கிறார்கள்: 'அந்த ஊசி போட்டதுலதான் இப்படி ஆயிட்டு' என்ற பேச்சுக்கு அச்சடித்துக் கொடுத்த ஆதாரம் போல ஆகிறது. தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதே ஆய்வுகள் காட்டுவது. ஒரு சொல் பிசகினால் உண்மை தலைகீழாகிறது. 'பின்விளைவு' இதைவிடத் தேவலை. அதிலும் கோளாறு உண்டு, சொல்கிறேன்.

முதலில் நோய் எது என்று பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்தபடி, தொற்று உறுதியான அல்லது வந்திருக்கக்கூடிய ஒருவருக்கு, பெரும்பாலும் தொற்று தொடங்கி 3 மாதம் ஆன நிலையில், குறைந்தது 2 மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள். அவை ஆரம்பத்திலிருந்தே விடாமல் இருந்தவையாகவும் இருக்கலாம். நன்றாகத் தேறியபின் புதிதாகக் கிளம்பியவையாகவும் இருக்கலாம். ஏறி இறங்கும், போய்த் திரும்பி வரும். லேசாகக் காய்ந்து எழுந்தவருக்கும் வரும்.

காரணம் ஒன்றே ஒன்று அல்ல, சந்தேகப் பட்டியலே இருக்கிறது. வைரஸோ அதன் துண்டுகளோ குடல் முதலிய இடங்களில் ஒளிந்திருப்பது ஒன்று. நோயெதிர்ப்பு மண்டலம் அடங்காமல் சொந்த உடம்பையே அடிப்பது ஒன்று. முன்பே உடம்பில் தூங்கிக்கொண்டிருந்த எப்ஸ்டைன்-பார் போன்ற வைரஸ் விழித்துக்கொள்வது, ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டு ரத்தம் நுண்ணிய கட்டிகளாக உறைவது, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தன்போக்கில் பார்த்துக்கொள்ளும் தானியங்கு நரம்புகள் தடுமாறுவது, தசைச் செல்கள் ஆற்றல் எடுக்கும் முறை குலைவது என்று வரிசை போகிறது. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இரண்டு மூன்று சேர்ந்து. வழக்கு முடியவில்லை. 'நீண்ட கோவிட்' என்கிறவர் வைரஸ் போகவில்லை என்று தீர்ப்பு எழுதுகிறார். 'பின்விளைவு' என்கிறவர் வைரஸ் போயிற்று, விட்டுப்போன சேதம் இது என்று தீர்ப்பு எழுதுகிறார். பெயர் வைக்க வந்தவருக்குத் தீர்ப்பு எழுதும் வேலை எதற்கு?

என் வாக்கு 'கொரோனாத் தொடர்நோய்' என்பதற்கு. தொடர்தல் என்ற வினைக்குத் தமிழில் இரண்டு முகம். விடாமல் நீடிப்பதும் தொடர்வது. ஒன்றின் பின்னாலேயே வருவதும் தொடர்வது. அந்த வரையறை கேட்கிற இரண்டும் அதுதான். காரணத்தைப் பற்றி இச்சொல் எதுவும் சொல்வதில்லை. 'கோவிட்' விட்டு 'கொரோனா' எடுத்ததற்குக் காரணம், வீட்டுக் கிழவிக்கும் அது தெரியும். கொரோனா வைரஸை மகுடத் தீநுண்மி என்று எழுதுகிற அன்பர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். சீட்டு எழுதும் இடத்தில் சொல்லி ஒருவருக்குக்கூடப் புரியாத தூய்மை பெட்டிக்குள்ளேயே இருக்கலாம்.

குறை இல்லாத சொல்லா இது? இல்லை. தொற்றுநோய், தொற்றாநோய் என்று ஏற்கெனவே இரண்டு இருக்க, தொடர்நோயும் சேர்ந்தால் வேகமாகப் படிக்கிறவர் கண் வழுக்கும். அதனால் தனியாகத் 'தொடர்நோய்' என்று எழுதாமல் 'கொரோனா'வைச் சேர்த்தே எழுதவேண்டும். பேச்சில் 'விடாத கொரோனா' என்று சொன்னால்கூடச் சண்டைக்கு வரமாட்டேன், ஒட்டாது என்று அடுத்த மூச்சில் சொல்லிவிட்டால்.

பெயரைவிட மோசம் அறிகுறிகளின் மொழிபெயர்ப்பு. எல்லாத் தாளிலும் 'சோர்வு' என்று ஒரே சொல். சோர்வு, களைப்பு, அசதி எல்லாம் வேலை செய்தால் வந்து, படுத்தால் போகிறவை. இது அப்படியில்லை. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் மடியில் சொளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நுனி மடக்கி, நூல் சுற்றுகிற கை. நோய்க்கு முன் எண்ணூறு சுற்றினாள் என்று வைத்துக்கொள்வோம். இன்று தெம்பாக இருக்கிறதே என்று ஐந்நூறு சுற்றி, இரண்டு குடம் தண்ணீரும் எடுக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளைச் சாய்க்கிறது: 'மேலெல்லாம் வலிக்கு, ஒண்ணும் ஏல மாட்டேங்கு'. அரைநாள் வேலைக்கு நாலு நாள் படுக்கை. 'அதான் நெகட்டிவ் வந்துட்டுல்லா, இன்னும் என்ன படுக்கை?' என்று மாமியார் கேட்க, 'நேத்து நல்லாத்தான இருந்தேன் அத்தை' என்பதைத் தவிர அவளிடம் பதில் இருக்காது. இதைத் தாள்கள் 'உழைப்புக்குப் பிந்தைய உடல்நலக் குறைவு' என்கின்றன. 'மறுநாள் சரிவு' என்றால் மாமியாருக்கும் விளங்கும். சோர்வுக்கு எங்கள் பக்கத்துச் 'சடவு' இருக்கிறது. தூங்கி எழுந்தும் உடம்பு சடவா இருக்கு என்பார்கள். அதை ஏன் யாரும் தொடுவதில்லை?

இதில் சொல் தவறினால் வைத்தியமும் தவறும். சோர்வு என்று கேட்டவர் நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்பார். மறுநாள் சரிவு உள்ளவரை நாளுக்கு நாள் கூட்டிக்கூட்டி நடக்கவைத்தால் இன்னும் கீழே போவார். தெம்பான நாளிலும் முடிந்ததைவிடக் குறைத்தே செய்வதும், வேலையைத் துண்டாக்கி இடையில் படுப்பதும்தான் இதற்கு வழி. நூறு பீடிக்கு ஒருதரம் சொளவை இறக்கி வைப்பது. குடத்தைப் பேரனிடம் கொடுப்பது.

'மூளை மூடுபனி' என்று இன்னொன்று. மூடுபனி என்றால் கொடைக்கானல் நினைவு வரும், குளிர்ச்சியாக இருக்கும். கட்டுக்கு எண்ணும்போது பதினேழா பதினெட்டா என்று மறந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவது, பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பது, வாயில் வந்த சொல் வராமல் நிற்பது, இவைதான் நோய். 'மந்தம்' எழுதினால் மந்தபுத்தி என்று பழிக்கிறமாதிரி ஆகும். 'நினைவு மங்கல்' போதும். மணத்தில் வரும் கோளாறுக்கு 'மணத்திரிபு' என்று எவரோ எழுதியிருக்கிறார், அவருக்கு ஒரு கும்பிடு. சொதிக்கு வெங்காயம் வதக்கினால் அழுகல் வாடை அடிப்பதற்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது. அதற்குக் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு மணத்தை ஒவ்வொன்றும் 20 விநாடி, நாளைக்கு இருவேளை, மாதக்கணக்கில் முகர்ந்து பழகுவது வழக்கம்.

'எழுந்தால் படபடப்பு' என்பதைச் சிலர் பதற்றம் என்று மொழிபெயர்த்து மனநோய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். எழுந்து நின்று பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் விழாமலே நாடி நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி நின்றால் அது நரம்பின் தடுமாற்றமாக இருக்கலாம், மருத்துவரிடம் அந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டலாம். நிற்கும்போது தலை கிர்ருன்னு வந்தால் உட்கார்ந்துவிடவேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

தட்டி எழுதுகிறவர்கள் கலைச்சொல்லை மேலே பெரிதாக எழுதட்டும். கீழே சின்ன எழுத்தில் இப்படி இருந்தால் போதும்: "கொரோனா வந்து மூணு மாசம் ஆகியும் சடவு, மூச்சிளைப்பு, படபடப்பு, நினைவு மங்கல் போகவில்லையா? தேறியபிறகு புதிதாக வந்திருக்கிறதா? கொரோனாத் தொடர்நோயாக இருக்கலாம். இது ஒட்டாது. முதலில் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. எந்த வேலை செய்த மறுநாள் சாய்ந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து, வரும்போது கொண்டுவாருங்கள்."