றெமிடியேசன்: மண்ணுக்குப் பரிகாரம்

‘றெமிடியேசன்’ என்ற சொல் சுற்றாடல் அறிக்கைகளில் இப்போது அடிக்கடி வருகிறது. பழைய தொழிற்சாலைக் காணி ஒன்று, அதற்குள் பல வருடமாகக் கொட்டி மூடிய குப்பை, அந்தக் குப்பைக்கு அடியில் கசிகிற நஞ்சு. இப்படிப்பட்ட நிலத்தை ஆட்களுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் கேடு செய்யாத நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் எழுதும்போது ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். துப்புரவு, அகற்றல், மீட்பு, புனரமைப்பு, நச்சுநீக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. வேறு ஊர்களில் இது பெரிய கரைச்சல் இல்லை. இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியில் அப்படியில்லை. இந்தச் சொற்கள் இங்கே ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டன.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது இலத்தீனில் இருந்து வந்தது. ‘மெதேரி’ என்றால் குணப்படுத்துதல். அதன் முன்னே ‘ரெ’ சேர்ந்து ‘ரெமேதியும்’ ஆனது. நோயைத் தீர்ப்பது, மருந்து என்று பொருள். மெடிசின், மெடிக்கல் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. ஆக, மண்ணை ஒரு நோயாளியாக வைத்துப் பார்க்கிற சொல் இது. தமிழ்ச்சொல் தேடும்போது இந்தக் கருத்தைக் கைவிட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

இனி வன்னிக்கு வருவோம். ‘அகற்றல்’ என்று எழுதினால் இங்கே யாருக்கும் குப்பை நினைவுக்கு வராது, மிதிவெடிதான் வரும். முகமாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, முகக்கவசத்தோடு முழந்தாளில் இருந்து மண்ணைக் கிளறுகிற ஆட்கள். ஒரு காணியில் இருந்த வெடிகளை எடுத்து முடித்தால் பலகை போகும், சனம் உள்ளே போய்க் காடு வெட்டி வீடு கட்டும். எடுத்தால் முடிந்தது, அந்த வேலைக்கு ‘அகற்றல்’ மிகப் பொருத்தமான சொல். நஞ்சேறிய மண்ணுக்கு அது சரிவராது. ஈயமும் இரசமும் (பாதரசம்) எண்ணெயும் தனித்தனிக் கட்டியாகக் கிடப்பதில்லை. மண்ணில் ஒட்டியிருக்கும், தண்ணீரில் கரைந்து நகரும், சில ஆவியாக மேலே வரும். ‘நச்சு அகற்றப்பட்டது’ என்று ஒரு கடிதம் வந்தால், மிதிவெடி அகற்றிய காணியை நம்பியது போலவே இதையும் நம்பிவிடும் சனம். எனக்கு இந்தச் சொல்லில் உள்ள பெரிய பயம் அதுதான்.

அமெரிக்கச் சட்டமே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நஞ்சேறிய நிலங்களுக்காக 1980 டிசம்பரில் வந்த ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்தில் ‘றிமூவல்’ என்பது உடனடி ஆபத்தைத் தணிக்கிற குறுகியகால வேலை. கசிகிற பீப்பாய்களை எடுப்பது, வேலி போடுவது, குடிக்க வேறு தண்ணீர் கொடுப்பது போன்றவை அதற்குள் வரும். நிலையான தீர்வுக்கு வேறு சொல், ‘றெமீடியல்’ நடவடிக்கை. அகற்றலும் பரிகாரமும் ஒன்றல்ல என்பதை அந்தச் சட்டம் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டது.

அடுத்தது ‘மீட்பு’. நிலமீட்பு என்றாலும் காணி விடுவிப்பு என்றாலும் வன்னியில் ஒரே ஒரு பொருள்தான்: படை பிடித்து வைத்திருக்கும் காணியை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் படைமுகாம் வாசலில் இருந்து கேட்டது அதைத்தான். ‘நிலமீட்புத் திட்டம்’ என்று பலகை நட்டுப் பாருங்கள், “எந்தக் காணியாம் விடுகினம்?” என்று கேட்டுக்கொண்டு காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அதிலும் பிழை சொல்ல முடியாது. கடலை நிரவி நிலம் எடுப்பதற்கும் இதே சொல் வழங்குகிறது, கொழும்புத் துறைமுக நகரம் அப்படி வந்ததுதான். இரண்டு சுமை ஏறிய சொல்லின் தலையில் மூன்றாவதையும் வைக்க வேண்டாம்.

‘புனரமைப்பு’ குளத்துக்கும் வீதிக்கும் உரியது. இரணைமடு அணைக்கட்டை உயர்த்தியது புனரமைப்பு. ‘புனர்வாழ்வு’ முன்னாள் போராளிகளுக்கு என்று சொல்லத் தேவையில்லை. ‘நிவாரணம்’ என்றால் கூப்பனும் வரிசையும். ‘துப்புரவு’ மட்டும் இன்னும் சாதாரணச் சொல்லாக இருக்கிறது, ஆனால் அது மேற்பரப்பு வேலை. பொலித்தீன் பொறுக்குவது, கான் துப்புரவாக்குவது, சிரமதானம். பழைய தொழிற்சாலைக் குப்பையில் கையுறைகூட இல்லாமல் சிரமதானம் செய்யப் போவது ஆபத்தும்கூட. கல்நார்த் தூசி கண்ணுக்குத் தெரியாது.

சரி, மிஞ்சியது எது? பரிகாரம்.

ஈழத்தில் இது ஒன்றும் புதிய சொல் இல்லை. நாட்டு வைத்தியரை நாங்கள் பரியாரியார் என்றுதான் கூப்பிடுகிறோம். எழுத்தில் பரிகாரி, பேச்சில் பரியாரி. பாம்புக்கடிக்கு ஒருவர், முறிவு நெரிவுக்கு ஒருவர் என்று ஊருக்கு ஊர் இருந்தார்கள், சில இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். பரிகாரம் செய்பவர் பரிகாரி. பள்ளிக்கூடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாக எடுக்கும் பாடத்துக்குப் ‘பரிகாரக் கற்பித்தல்’ என்று பெயர். அதுவும் ஆங்கிலத்தில் இதே ‘றெமீடியல்’தான். ஆகவே கல்வித்துறை ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது, சுற்றாடல்துறை அதே வழியில் வந்தால் போதும்.

சொல் வடமொழியில் ‘பரிஹார’. ‘ஹ்ரு’ என்ற வினைக்கு எடுத்துச் செல்லுதல், நீக்குதல் என்று பொருள். தமிழில் அது நீக்குகை, கேட்டுக்கு மாற்று, மருத்துவம் என்று விரிந்தது. தூயதமிழ் வேண்டுமென்பவர்கள் ‘பண்டுவம்’ என்ற சொல்லை முன்வைக்கலாம். எனக்கு அதில் வெறுப்பில்லை. ஆனால் கிளிநொச்சிச் சந்தையில் பத்துப் பேரிடம் கேட்டால் பண்டுவம் விளங்கும் ஆள் கிடைப்பது கடினம், பரியாரியாரைத் தெரியாத ஆள் கிடைப்பதும் கடினம்.

இன்னொரு மறுப்பு உண்டு. பரிகாரம் என்றால் சாத்திரிமார் சொல்கிற தோசப் பரிகாரம் அல்லவா, சனி மாற்றத்துக்கு எள்ளெண்ணெய் எரிப்பது அல்லவா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். அதற்காகத்தான் ‘நிலப் பரிகாரம்’ அல்லது ‘மண் பரிகாரம்’ என்று சேர்த்து எழுதச் சொல்கிறேன். தனியே விட்டால் தோசம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சொல்லைத் தெரிந்துகொண்டால் போதாது, அதற்குள் என்ன அடங்கும் என்பதும் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டு சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தில் 1995இல் ஒரு பகுதி சேர்த்தார்கள். நஞ்சேறிய நிலத்துக்கான பகுதி அது. அதன் வரைவிலக்கணத்தில் மூன்று வேலைகள் வருகின்றன: நிலத்தின் நிலையைப் பரிசோதிப்பது, கேட்டைத் தடுக்கவோ குறைக்கவோ தீர்க்கவோ வேலை செய்வது, பிறகும் வந்து பார்த்துக்கொண்டிருப்பது. நாடி பிடிக்காமல் குளிசை கொடுப்பவர் பரியாரியார் இல்லை, கொடுத்துவிட்டு ஆள் என்ன ஆனது என்று பாராதவரும் இல்லை. எங்கள் ஊர்களில் நடுவில் உள்ள வேலையை மட்டும், அதிலும் டோசர் விட்டு மட்டப்படுத்துவதை மட்டும் செய்துவிட்டுப் பெயரை முழுதாக வைத்துவிடுகிறார்கள்.

பரிசோதனை என்பது குழாயடித்து மண் எடுப்பதில் தொடங்குவதில்லை. நிலத்தின் கதையைத் தேடுவதில்தான் தொடங்கும். அங்கே என்ன செய்தார்கள், எந்தப் பக்கம் கழிவு போனது, கிடங்கு எங்கே வெட்டினார்கள்? வன்னியில் பழைய தொழிற்சாலை என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது பரந்தன். ஆனையிறவு உப்பளத்து உப்பை எடுத்து எரிசோடாவும் குளோரீனும் செய்த அரச இரசாயனத் தொழிற்சாலை அது, 1950களில் தொடங்கியது, போரோடு நின்றது. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. இந்தக் காணிகளில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் பாராமல் யாரும் சொல்லக்கூடாது. இரசாயனத் தொழிற்சாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் ஒரே மாதிரிக் கழிவை விடுவதில்லை, அதனால் இரண்டு மண்ணிலும் ஒரே பொருளைத் தேடுவதில் பயனில்லை. கதை முதலில் வேண்டும் என்பது அதனால்தான். பழைய தொழிலாளர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது.

அடுத்து, கேடு எப்படி ஆளிடம் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். மூலம், வழி, ஏற்பவர் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். புதைந்த குப்பை மூலம், நிலத்தடி நீர் வழி, கிணற்றில் அள்ளிக் குடிக்கிற குடும்பம் ஏற்பவர். மூன்றில் ஏதாவது ஒன்றை அறுத்தாலும் கேடு நிற்கும். மூலத்தைத் தோண்டி எடுக்கலாம், வழியை மறிக்கலாம், ஏற்பவருக்கு வேறு தண்ணீர் கொடுக்கலாம். கடைசியில் சொன்னது மலிவு, அதனால்தான் பவுசரில் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

வன்னியில் அந்த ‘வழி’யைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கே குப்பை கொட்ட வசதியான இடம் எது? கிரவல் அள்ளி விட்டுப்போன கிடங்கு. (தமிழ்நாட்டில் குப்பைக் கிடங்கு என்றால் குப்பை சேர்த்துவைக்கும் இடம். எங்களுக்குக் கிடங்கு என்றால் குழி. இந்த விசயத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) கிரவல் அள்ளிய இடத்தில் மேல்மண் போய்விட்டது, குழியின் அடி நீர்மட்டத்துக்குக் கிட்டே போயிருக்கும். கோடையில் பார்த்தால் காய்ந்து கிடக்கும். ஒக்டோபரில் மாரிமழை பிடித்து, கிணறு மேலே மேலே வரும்போது, நிலத்தடி நீர் குப்பையின் அடியைத் தொடும். மேலே மழை படாமல் எவ்வளவுதான் களிமண் போட்டு மூடினாலும் கீழிருந்து ஊறும். குப்பையில் ஊறிய கறுத்த நீருக்கு ஆங்கிலத்தில் ‘லீச்சேற்’. ஊறல்நீர் என்பது போதும். ஆகவே வன்னியில் பரிசோதனைக்கு எடுத்த மண், தண்ணீர் மாதிரி கோடையில் எடுத்ததா மாரியில் எடுத்ததா என்று கேட்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்து மாதிரியை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் நான் நம்பமாட்டேன்.

மூடுவது பரிகாரமாகுமா? ஆகலாம், தனியாக அல்ல. அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கனால் என்ற கைவிட்ட கால்வாயில் ஒரு இரசாயனக் கம்பனி 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 தொன் கழிவைப் புதைத்துக் களிமண்ணால் மூடியது. பிறகு அந்தக் காணியை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்குக் கொடுத்தது. பாடசாலை வந்தது, வீடுகள் வந்தன, பிற்காலத்தில் வீட்டு நிலவறைகளில் நஞ்சு ஊறி வந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். மேலே சொன்ன 1980ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்க அதுவே பெரிய காரணம். 2004இல் அந்த இடத்தை அபாயப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் புதைத்த கழிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது! புதிய மூடி போட்டு, சுற்றிவர வடிகால் வைத்து, ஊறல்நீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். அகற்றல் நடக்கவில்லை, பரிகாரம் நடந்தது, நடந்துகொண்டும் இருக்கிறது.

காற்றையும் மறக்கக்கூடாது. மக்கும் குப்பையில் மெதேன் வரும். இங்கிலாந்தில் லொஸ்கோ என்ற ஊரில் செங்கல் தொழிற்சாலைக்கு மண் எடுத்த பழைய குழியைக் குப்பையால் நிரப்பியிருந்தார்கள். 1986 மார்ச்சில் வளியமுக்கம் திடீரென்று இறங்கிய ஒரு நாள், மெதேன் மண்ணூடாக நகர்ந்து ஒரு வீட்டுக்குள் போய் வெடித்து வீட்டைத் தரைமட்டமாக்கியது. எங்கள் நாட்டில் 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் 32 உயிரைக் கொண்டுபோனது குப்பைமேட்டின் சரிவு. பழைய குப்பைக் குழிமேல் மண் பரவிக் காணித்துண்டு போட்டு விற்பவர்கள் இந்த இரண்டையும் சொல்லமாட்டார்கள்.

எவ்வளவு குறைந்தால் பரிகாரம் ஆயிற்று? இது விஞ்ஞானமும் பேரமும் கலந்த கேள்வி. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. இரசம் கலந்த மண்ணுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவை இலக்காக வைத்தார்கள். சூழலியலாளர்கள் அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அப்படி ஒரு இலக்கு எழுதாமல் ‘பரிகாரம் முடிந்தது’ என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர்நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதையும் சிலர் பரிகாரம் என்று எழுதினார்கள். நீதிமன்ற மொழியில் அது சரி. மண்ணைப் பற்றிப் பேசும்போது இழப்பீட்டை இழப்பீடு என்றே எழுதினால் நல்லது.

கிளைச்சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரை வைத்து எண்ணெய்க் கழிவைச் சிதைப்பது ‘பயோறெமிடியேசன்’, உயிர்வழிப் பரிகாரம். செடியை நட்டு நஞ்சை உறிஞ்சவைப்பது தாவரவழிப் பரிகாரம். கடுகையும் வெட்டிவேரையும் இதற்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஈயத்தை நுண்ணுயிர் சிதைக்காது, உறிஞ்சிய செடியை மாட்டுக்குப் போடவும் கூடாது. ‘பிரவுன்ஃபீல்ட்’டைப் ‘பழுப்பு வயல்’ என்று எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தேன், கமக்காரர் வாசித்தால் நெல்லுக்குப் புதுநோய் என்று நினைப்பார். பழந்தொழில் நிலம் என்றால் விளங்கும். ‘லாண்ட்ஃபில்’லுக்குப் பாடநூலில் நிலநிரப்பல் இருக்கிறது, அதுவே இருக்கட்டும்.

வினையாக வரும்போது பரிகரித்தல் என்று எழுதலாம், அகராதியில் உள்ள பழைய வினைதான். நிலத்தைப் பரிகரித்தார்கள், பரிகரித்த நிலம், பரிகரிக்க வேண்டிய நிலம். கடைசியாகச் சொன்ன வகைக் காணிகளுக்குப் பிரதேச சபை ஒரு பட்டியல் போடுமானால் அதன் தலைப்பில் ‘துப்புரவு’ வேண்டாம், ‘நிலப் பரிகாரம்’ என்றே போடலாம். பக்கத்தில் இலக்கு அளவுக்கும் மாரி, கோடை இரண்டிலும் மாதிரி எடுத்த தேதிகளுக்கும் இடம் விட்டு.